எந்த ஈயம்?

அன்று அடுப்படியில் இருந்தவர்கள் நால்வர்: இரும்புக் கரண்டி, முந்தின நாள் கடையிலிருந்து வந்த ஈயச் சொம்பு, தரையில் வளர்மதி, அவள் மடியில் ஒன்றரை வயது மகன்.

மேடையில் இறக்கி வைத்த சொம்பில் ரசம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கரண்டி அதற்குள் நின்றது.

"மணக்குதா அக்கா?" என்றது சொம்பு.

"மணம் இருக்கட்டும். பழைய சொம்பைவிட ஒன்றரை மடங்கு கனக்கிறியே. நீ வெள்ளீயமா, காரீயமா?"

"கடையில ஈயம்னுதான் சொன்னாங்க. எல்லாம் ஒண்ணுதானே?"

"பேர்லதான் ஒண்ணு. வெள்ளீயம் ரசத்துக்கு ஆகும். காரீயம் புளியில கரையும், பிள்ளை மூளையைக் கெடுக்கும். எங்கே, சுவத்துல உரசு பாப்போம். காரீயம்னா கறுப்பா கோடு விழும்."

சொம்பு உரசியது. பென்சிலால் இழுத்ததுபோல் கறுப்புக் கோடு விழுந்தது.

சொம்பு, "அக்கா, என்னைத் தள்ளிவிட்டுடு" என்றது.

கரண்டி தன் பாரம் முழுவதையும் ஒரு பக்கம் சாய்த்தது. சொம்பு பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்ந்தது. ரசம் ஒரு சொட்டு மிஞ்சாமல் ஓடிப்போனது.

வளர்மதி நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாம் போச்சா? நல்லவேளை, உனக்கு முதல்லயே ரசஞ்சோறு பிசைஞ்சுட்டேன்டா" என்று கையிலிருந்த கிண்ணத்திலிருந்து மகனுக்கு அடுத்த வாயை ஊட்டினாள்.

கரண்டி எண்ணிப் பார்த்தது. கிண்ணத்தில் இன்னும் ஐந்து வாய் இருந்தது.