நாலாவது கம்பி

"ரெண்டுல எது ரொம்ப தூரத்துக்குக் கேக்கும்?" என்றாள் கெங்கம்மாள், இரண்டு பேஸ் கிடார்களையும் மாறி மாறிப் பார்த்து.

அருணகிரிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேஸ் கிடார் எடுத்த நாளிலிருந்து யாரும் அவனிடம் இப்படி ஒரு விவரமான கேள்வி கேட்டதில்லை. "நாலு கம்பிதான் இருக்குது, மீதி ரெண்டு அறுந்துபோச்சா?" என்பதுதான் திருப்பத்தூர் வட்டாரத்தில் வழக்கமான விசாரிப்பு.

ஜமுனாமரத்தூர் தாண்டி, விளைந்து நின்ற தன் சாமைக் கொல்லையின் ஓரமாக, கெங்கம்மாள் நான்கு கம்பம் நட்டு உயரமான மேடை போட்டிருந்தாள். கீழே கார் பேட்டரியும், வாடகைக்கு எடுத்த ஆம்ப்ளிஃபையரும், ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் தயாராக இருந்தன. கரண்டு இல்லாத மலையில் இவ்வளவு ஏற்பாடா என்று அருணகிரிக்கு மரியாதை கூடியது.

எல்லாம் போளூர்க் கல்யாணக் கச்சேரியில் ஆரம்பித்தது. அன்றைக்கு அருணகிரியும், குழுவின் இன்னொரு பேஸ்காரனான தசரதனும் பாதிப் பாதி நேரம் பேஸ் வாசித்தார்கள். மறுநாளே கெங்கம்மாள், மெல்லிசைக் குழு நடத்தும் சேட்டுவைத் தேடி வந்துவிட்டாள். பாடுகிறவர் வேண்டாம், தபேலா வேண்டாம், "அந்தத் தடிக் கம்பி வாத்தியம் மட்டும்" அறுப்பு முடிகிற வரை தினமும் வேண்டும் என்றாள்.

சேட்டு ஒரே போடாகப் போட்டார். "குழுவுக்கு ரெண்டு பேஸு தாங்காதுப்பா. அந்தம்மா யாரைப் புடிச்சிருக்குன்னு சொல்லுதோ, அவன் இருக்கட்டும். இன்னொருத்தன் வேற பொழப்பப் பாத்துக்கட்டும்."

அருணகிரிக்கு வேறு பிழைப்பு என்றால் மச்சானுடைய மாவு மிஷின்தான். மச்சான் அவனுக்கென்று ஒரு துண்டைக்கூடத் தனியாக எடுத்து வைத்துவிட்டான். அந்தத் துண்டை நினைத்தாலே அவனுக்குத் தும்மல் வந்தது.

மலையேறும் பஸ்ஸிலேயே இருவருக்கும் சண்டை.

"உன்னுது ஒலக்கை கனம் பா," என்றான் தசரதன். "என் ஹாஃப்னரப் பாரு. வயலினாட்டம் ஒடம்பு, உள்ள காலி. கட்ட வெரலால தொட்டா போதும், பஞ்சு மாதிரி வந்து வுழும்."

"பஞ்சு வுழறதுக்கா பேஸு?" அருணகிரி வைத்திருந்தது ஃபெண்டர் பிரிசிஷன், இருபது வருஷத்துக்கு முந்திய சரக்கு. ஜோலார்பேட்டை ரயில்வே காலனியைக் காலி செய்துகொண்டு போன ஓர் ஆங்கிலோ இந்தியரிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து வாங்கியது. "ரெண்டு வெரலு போட்டு நாலாவது கம்பிய இழுத்தா தரை பேசணும்."

"ஃபெண்டர்தான் வேணும்னா ஜாஸ் மாடலாவது வாங்கிருக்கலாம். கழுத்து ஒல்லியா இருக்கும், வெரலு ஓடும்."

"எனக்கு வெரலு ஓட வேணாம். நின்னு அடிச்சா போதும்."

இப்போது கொல்லையோரத்தில் தசரதன் முதலில் வாசித்தான். உண்மையைச் சொன்னால், நன்றாகவே வாசித்தான். மேடைக்கு அடியில் படுத்திருந்த நாய்கூட முன்னங்காலில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"இனிப்பா இருக்குதுங்க," என்றாள் கெங்கம்மாள். அவள் முகம் தொங்கிப்போனது.

அருணகிரி ஒயரைச் சொருகினான். குமிழைக் கடைசிவரை திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு நாலாவது கம்பியை இழுத்தான். பேட்டரி மேல் வைத்திருந்த சொம்பு நகர்ந்து கீழே விழுந்தது. நாய் எழுந்து ஊர்ப்பக்கம் போய்விட்டது.

"இவுரே போதுங்க!" என்று கெங்கம்மாள் கை தட்டினாள்.

தசரதன் ஹாஃப்னரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். பிறகு, "உன் மச்சான் மிஷின்ல ஆளு வேணும்னு சொன்னியே, இன்னும் வேணுமா?" என்று கேட்டான்.

அருணகிரிக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. "அம்மா, போளூர்ல நீங்க எங்க உக்காந்து கேட்டீங்க? முன்வரிசையில நான் பாக்கலியே?"

"முன்னால எங்கங்க? பந்தலுக்குப் பின்னால, எச்சி எல போடற எடத்துல நின்னுக்கினு இருந்தேன். நீங்க வாசிச்சது அங்கதான் நல்லா தெரிஞ்சிது."

"கேட்டியா?" என்று அருணகிரி தசரதன் பக்கம் திரும்பினான். "பேஸ தள்ளி நின்னுதான் கேக்கணும். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குது, நம்ம சேட்டு அண்ணனுக்குத் தெரியல."

"இங்க மோளம், தப்பட்டைக்கெல்லாம் பழகிப்போச்சுங்க," என்றாள் கெங்கம்மாள். "கொஞ்சங்கூட மதிக்கிறதே இல்ல. புதுசா ஒண்ணு வேணும்னுதான் உங்களக் கூப்ட்டேன்."

பொழுது சாய ஆரம்பித்தது. அருணகிரி தலையை வாரிக்கொண்டு, கச்சேரிக்கென்றே வைத்திருந்த மினுமினுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான். முன்னால் பாடகர் இல்லை, பக்கத்தில் டிரம்ஸ் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேடை முழுக்க அவனுடையது. கண் கலங்கியது, துடைத்துக்கொண்டான்.

சுற்றிலும் பார்த்தான். கொல்லையில் ஒரு ஈ காக்கை இல்லை.

"ஜனங்க எந்தப் பக்கமா வருவாங்கம்மா? அந்தப் பக்கம் பாத்து உக்காந்துக்கறேன்."

"ஜனங்க எதுக்குங்க?" கெங்கம்மாள் எதிரே இருண்டுகொண்டிருந்த காட்டைக் காட்டினாள். "அந்தக் காட்டப் பாத்து உக்காருங்க. போளூர்ல எச்சி எலயவே வுட்டுட்டு ஓடிச்சுங்களே, சாமைக்கா வரப்போவுது?"

அருணகிரி பேஸைக் கட்டிப் பிடித்தபடி, "எதும்மா?" என்றான்.

"நீங்க வாசிச்சா ஒரு பன்னிகூட வராதுங்க."