எந்த ஊர் சொர்க்கம்?

ஓய்வு பெற்ற நர்ஸம்மா குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு வாரம்தான் பாக்கி. இனி அவள் எங்கே இருப்பது என்று மகன்களுக்குள் ஒரே மல்லுக்கட்டு.

“தீவுதாம்மா சொர்க்கம்! கடல்காத்துல உன் மூட்டுவலி பறந்துடும்” என்றான் பெரியவன்.

“போண்ணா! படகு வரலைன்னா மாத்திரைக்கு எங்க போறது? புறநகர்ல லிஃப்ட், பார்க், கூப்பிடு தூரத்துல ஆஸ்பத்திரி. அங்கதாம்மா நீ ராணி மாதிரி இருப்ப” என்றான் சின்னவன்.

இப்படி உருகினால் எந்தப் பெற்ற வயிறும் குளிரும். ஆனால் தீவில் குடியிருப்பவன் சின்னவன். புறநகரில் சொகுசு வீடு வைத்திருப்பவன் பெரியவன்.

“அவ்வளவு நல்ல இடத்தை எனக்கு மட்டும் எதுக்குடா விட்டுக்கொடுக்கறீங்க? நாளைக்கே ரெண்டு பேரும் வீட்டை மாத்திக்கோங்க. யார் வீட்டுக்குன்னாலும் நான் வரேன்” என்றாள் அம்மா.

மகன்கள் முதல்முறையாக ஒரே குரலில் பேசினார்கள்.

“ஏம்மா, இந்த ஊருக்கு என்ன குறைச்சல்?”