காரணம் எழுதும் கட்டம்

"ஒரே ஒரு வார்த்தை. மாத்தி எழுதினா உங்க கை தேஞ்சா போயிடும், அக்கா?"

கேட்டவன் பிள்ளையின் தகப்பன். எட்டாம் மாதத்தில் பிறந்து மூன்றே நாள் இருந்த பிள்ளை. புதைத்துவிட்டு, இறப்பைப் பதிய ஆஸ்பத்திரிப் பதிவறைக்கு வந்திருக்கிறான். வெளியே பெஞ்சில் அவன் மனைவி.

பதிவறைக்காரி டாக்டரின் சீட்டை இரண்டாம் தடவை படித்தாள். 'தாய்வழி வந்த சிபிலிஸ் (பால்வினை நோய்) தொற்று.'

"இதுல இருக்கறதைத்தான் எழுத முடியும், தம்பி."

"குறைமாசம்னு போடுங்க. அதுவும் நிஜம்தானே? இதைப் போட்டா எங்க வீட்டுல அவளைத்தான் கிழிப்பாங்க. பிள்ளையோட சேர்த்து மானத்தையும் பறிகொடுக்கணுமா அவ?"

பக்கத்து மேஜைக்காரர் தலையை நீட்டினார். "எழுதிக் குடுத்துடேன், முற்றுப்புள்ளி. செத்த பிள்ளை வந்து சாட்சி சொல்லப்போகுதா?"

எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் முடித்துவைப்பாள் என்பதால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் 'முற்றுப்புள்ளி'.

"குறைமாசம்னு எழுதினா தாள் அலமாரிக்குப் போயிடும், சார். நோயை எழுதினாத்தான் தாயைக் கூப்பிட்டு ஊசி போடுவாங்க. இல்லேன்னா அடுத்த பிள்ளையும் இதே மேஜைக்குத்தான் வரும்."

"கல்நெஞ்சு," என்றார் வரிசையில் நின்ற பெரியவர், அவள் காதில் விழும்படி.

அவள் வெளியே பார்த்தாள். பெஞ்சில் இருந்தவளுக்குப் பால் கசிந்து மேல்துணி நனைந்திருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

பேனா கட்டத்தின் மேல் நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவை. ஒரே ஒரு தடவை மாற்றி எழுதினால்தான் என்ன?

"சரி. உங்க அடையாள அட்டையைக் குடுங்க."

அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து இழுத்தான். கூடவே இரண்டாக மடித்த மஞ்சள் அட்டை ஒன்று மேஜையில் விழுந்தது. அவன் கை நீள்வதற்குள் அவள் பிரித்துவிட்டாள்.

இதே ஆஸ்பத்திரி. அவன் பெயர். அதே நோய். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. மூன்றுக்கும் தேதி, மூன்றுக்கும் கையெழுத்து.

விரல் விட்டு எண்ணினாள். முதல் ஊசி ஐந்து மாதத்துக்கு முன்னால். பிள்ளை அப்போது வயிற்றில் மூன்று மாதம்.

அட்டையின் அடியில், சிவப்பு மையில் ஒரு வரி: 'மனைவியையும் உடனே அழைத்து வரவும்.'

அதற்கு எதிரே இருந்த கட்டம் மட்டும் காலி.