ஆறாம்விரலின் விலாசம்

"ஒரு பேரும் விலாசமும்தானே தம்பி கேக்கிறன். உங்களுக்கு அதில என்ன குறைஞ்சிடப் போகுது?"

அந்த அம்மா அழுதுகொண்டே கேட்டார். தன் பெயர் தவமணி என்று சொல்லியிருந்தார். அறுபது வயதிருக்கும்.

கடை முதலாளி அஸீம் எழும்பித் தன் கதிரையில் அவரை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பதிலை மட்டும் மாற்றவில்லை.

"ஏலாதும்மா."

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஐந்து கம்ப்யூட்டர் போட்ட சின்ன இன்டர்நெட் கடை அது. 2008ஆம் வருடம். யுத்தம் நடந்தது வடக்கில் என்றாலும், இங்கேயும் பஸ்ஸை மறித்து இளைஞர்களை இறக்கிக்கொண்டு போனார்கள். சிலர் திரும்பி வரவில்லை. அப்படிப் போனவர்களைப் பற்றி 'ஆறாம்விரல்' என்ற புனைபெயரில் ஒருவர் இணையத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் எழுதியது இந்தக் கடையில் உட்கார்ந்துதான். அது அஸீமுக்கும் தெரியும். கடையில் வேலை செய்த சுந்தரிக்கும் தெரியும். ஆறாம்விரலுக்குத் தமிழில் டைப் பண்ணப் பழக்கியதே சுந்தரிதான்.

"அக்காவின்ர மகனை மூண்டு கிழமைக்கு முன்னம் பஸ்ஸில இருந்து இறக்கிக்கொண்டு போட்டாங்கள்," என்றார் தவமணி. "பச்சைச் சட்டை போட்ட ஒரு பெடியனைப் பற்றி இந்த ஆள் எழுதியிருக்கிறார். அது எங்கட பிள்ளையோ எண்டு நேரில ஒருக்காக் கேக்க வேணும். இந்தக் கடையில இருந்துதான் எழுதுறார் எண்டு அந்த இணையத்தளம் நடத்துறவர் சொன்னவர்."

"அவரு அப்படிச் சொன்னதே பிழைம்மா. நான் ஒண்டு செய்றேன். அந்தப் பக்கத்துலயே அவருக்கு நீங்க எழுதலாம். நானே டைப் பண்ணித் தாறேன். விருப்பமெண்டா அவரே உங்களத் தேடி வருவாரு."

"அதுக்கிடையில பிள்ளைக்கு ஏதும் நடந்தா?"

வருகிறவர்களின் பெயரும் விலாசமும் எழுதும் கொப்பி மேசையில் கிடந்தது. அஸீம் அதை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

தவமணி அதைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

சுந்தரிக்குப் பொறுக்கவில்லை. அஸீமை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன நானா, இப்படிக் கல்லு மாதிரி இருந்துட்டீங்க? அந்தம்மாவப் பாத்தா பொய் சொல்றவங்க மாதிரியா இருக்கு?"

"இல்ல. மெய்தான் சொல்றாங்கன்னு நானும் நெனைக்கிறேன்."

"அப்புறம் என்ன?"

"போன கிழமை ரெண்டு பேரு மோட்டார் சைக்கிள்ல வந்து இதே கேள்வியைக் கேட்டானுங்க, ஞாபகமிருக்கா?"

"அவனுங்களும் இந்தம்மாவும் ஒண்ணா?"

"ஒண்ணில்ல. ஆனா நம்ம பதில் ஒண்ணுதான். அழுறவங்களுக்குச் சொல்லத் தொடங்கினா, வெருட்டுறவனுக்கும் சொல்ல வேண்டி வரும். அந்த மனுசன் நம்மள நம்பித்தான் இங்க வந்து எழுதுறாரு."

சுந்தரியின் மனம் ஆறவில்லை. போன வருடம் அவளுடைய அண்ணன் லெட்சுமணனைக் கலகெதரப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அம்மா ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து புறப்பட்டு வந்து, பதினொரு நாள் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அண்ணன் உயிரோடு வந்துவிட்டான். ஆனாலும் அந்தப் பதினொரு நாளை அவளால் மறக்க முடியவில்லை.

கொப்பி பூட்டிக் கிடந்தால் என்ன? அதில் எழுதுவது அவள்தானே; அந்த விலாசம் அவளுக்கு மனப்பாடம்.

"டீ குடிச்சிட்டு வந்துடுறேன் நானா."

தெருவில் இறங்கி ஓடினாள். பஸ் வரிசையில் தவமணி நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்க, விலாசம் எழுதிய ஒரு கடதாசித் துண்டை அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்கம்மா. விவேகானந்தன்னு பேரு. பள்ளிக்கூட வாத்தியாரு. ரொம்ப நல்ல மனுசன், கட்டாயம் உதவி செய்வாரு. வீடு பிலிமத்தலாவையில. நீங்க நிக்கிற பஸ்ஸே அங்கதாங்கம்மா போகுது!"

தவமணி துண்டை வாசித்தார். மறுபடி ஒருமுறை வாசித்தார். அவர் கண்ணில் இப்போது ஈரமில்லை. பிறகு அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டார்.

சுந்தரி திகைத்துப் போனாள். "ஏம்மா கிழிச்சிட்டீங்க?"

"விலாசம் சரிதான். அது என்ர வீடு. விவேகன் என்ர மகன்."

சுந்தரி அந்தக் கைப்பையையே பார்த்தாள்.

"அந்தக் கடையில இருந்து எழுதினா ஒருத்தருக்கும் தெரிய வராதம்மா எண்டு சொல்லுவான். எனக்கெண்டா நித்திரையில்லை. அதுதான் மெய்யோ எண்டு ஒருக்காச் சோதிச்சுப் பாப்பம் எண்டு வந்தனான். அக்காவின்ர மகன் எண்டது பொய்; பச்சைச் சட்டைப் பெடியன்ர கதை, அவன் எழுதினதில வாசிச்சது."

வரிசை நகர்ந்தது. தவமணியும் இரண்டடி நகர்ந்தார்.

"உங்கட முதலாளி அசையவேயில்லை. மனம் நிறைஞ்சுபோய்த்தான் பஸ்ஸுக்கு வந்து நிண்டனான். இனி மகனை அங்க விட மாட்டன்."

"நீங்க அழுததத் தாங்காமத்தாம்மா..." என்றாள் சுந்தரி.

தவமணி அவளுடைய கையைப் பிடித்து மெதுவாகத் தட்டிக் கொடுத்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

"விளங்குது. ஆனா நான் அழுது கேட்டது அவரிட்ட. உம்மட்ட நான் கேக்கவேயில்லையே, பிள்ளை."