அடியில் படிந்தது

"செத்தவன் கட்டுரை எழுதுவானோ, பிள்ளை? நீயே சொல்லு!"

நடராசா ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றைப் பிரேமினியின் மடியில் வைத்தார். போன மாதம் மகன் படித்த கம்பசிலிருந்து அடம்பன் கிராமத்துக்குத் தபாலில் வந்தது. கட்டுரையின் மேலே அவருடைய மகன் லக்சனின் பெயர் மட்டும் இருந்தது.

சண்டை முடிந்து மூன்று வருடமாகிவிட்டது. கடைசி நாள் சனநெரிசலில் கைதவறிப் போனவன் என்று தாய் சிவபாக்கியம் சொல்லியிருந்தாள். காயப்பட்டு முன்னரே செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றப்பட்ட நடராசாவுக்கு வேறென்ன தெரியும்! மரணச் சான்றிதழுக்குப் படிவம் கொண்டுவந்த கிராம விதானையாரை, இந்தச் சஞ்சிகையைக் காட்டித்தான் நேற்று விரட்டியிருந்தார்.

"அணு உலை மிஞ்சிச் சூடேறினா அவசரத்துக்குத் தண்ணி அடிச்சு ஆத்துவினமாம். அந்தத் தண்ணியில கரைஞ்சு கிடக்கிறது வெள்ளையாத் திரைஞ்சு வடிகட்டியை அடைச்சுப்போடுமாம். என்ர பொடியன் கண்டுபிடிச்சிருக்கிறான்!"

சிவபாக்கியம் தேத்தண்ணியை நீட்டினாள். "எங்கட கேத்திலுக்க படியிறமாதிரியோ?"

"அப்பிடித்தான் மாமி. ஆனா இது சூடா இருக்கேக்க தெரியாது. ஆறேக்கதான் படியும்" என்றாள் பிரேமினி.

சிவபாக்கியம் வாழையிலைத் துண்டில் சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்துக்கொண்டு, வேலியோரம் காகத்தைக் கூப்பிடப் போனாள். இன்று சனிக்கிழமைகூட இல்லையே என்று பிரேமினிக்குத் தோன்றியது. கத்தரிக்காய்ப் பொரியல் என்றால் லக்சனுக்கு உயிர்.

"அந்தப் புத்தகக்காரரிட்டை அவன்ர விலாசத்தைக் கேட்டுத் தா, பிள்ளை. எந்த நாடெண்டாலும் நான் போய்க் கூட்டியாறன்." நடராசா மாடு கட்டப் போய்விட்டார்.

லக்சனைக் கட்டவிருந்தவள் பிரேமினி. ஒரு உண்மையைச் சொல்லத்தான் கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்தவள், கிழவரின் முகத்தைப் பார்த்ததும் அதைத் தள்ளிப்போட்டிருந்தாள். சிவபாக்கியம் அடுப்பைப் பார்க்கத் திரும்பியிருந்த குசினிக்குள் ஓடினாள்.

"மாமி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவர் அரைவாசியில விட்ட கட்டுரையை நான்தான் எழுதி முடிச்சனான். ஆசையில அவரின்ர பேரைப் போட்டு அனுப்பிப்போட்டன். மாமாட்டை உண்மையைச் சொல்லப்போறன்."

சிவபாக்கியம் பதறவில்லை. அவள் கையைப் பிடித்துப் பலகையில் இருத்தினாள்.

"சொல்லாதை பிள்ளை. அந்தப் புத்தகம் வந்தாப்பிறகுதான் மனுசன் வயிறாரச் சாப்பிடுது."

"ஐயோ, அவருக்கு மட்டுமே? உங்களுக்குமெல்லோ மாமி பொய் நம்பிக்கையைத் தந்திட்டன்!"

வேலியில் காகங்கள் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. சிவபாக்கியம் மாட்டுக்கொட்டில் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்ர கையாலதான், பிள்ளை, அவனைக் கிடங்கு வெட்டித் தாட்டனான்."