கல்லுளிமங்கன்

"நெட்வொர்க்கைச் சரிபண்ண வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

ரத்தம் எடுக்கும் சிஸ்டர் கேட்டதில் தப்பே இல்லை. அந்த மெக்கானிக் வந்து முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்தான். அசையவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தவர் ரிப்போர்ட் அக்கா.

அந்த லேபில் பதினோரு வருஷமாக ரிசல்ட்டை டைப் அடித்து டாக்டர்களுக்கு அனுப்புவது அவர்தான். பழைய கம்ப்யூட்டரில் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார். போன வாரம் எல்லா மெஷினிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டார்கள். எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு நோட்டில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டு வந்தார்.

இன்று காலை அவர் மெஷினுக்குப் புது நெட்வொர்க் நம்பர்கள் கொடுக்கச் சொல்லி, கையால் எழுதிய ஒரு சீட்டு வந்தது. பார்த்துப் பார்த்துத்தான் அடித்தார். அடித்த கையோடு இன்டர்நெட் போய்விட்டது.

இருபத்திரண்டு ரிப்போர்ட் கிளம்பாமல் கிடந்தது. அவசரமானதையெல்லாம் சிஸ்டர் போனில் டாக்டர்களுக்கு வாசித்து வாசித்துத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

"சார், நீங்களே ஒரு தடவை பாத்துடுங்களேன். எனக்கு இதெல்லாம் வராது" என்றார் அக்கா.

"வரும். மொதல்ல எதைப் பாத்தீங்க?"

"வயரைப் பாத்தேன். பச்சை லைட் எரியுது."

"அப்ப வயர் இல்ல. அடுத்து?"

"அடுத்து என்னன்னு தெரிஞ்சா நான் ஏன் சார் உங்களக் கூப்பிடறேன்?"

மெக்கானிக் சுவரைப் பார்த்தார்.

"சரியான கல்லுளிமங்கன்" என்று சிஸ்டர் முணுமுணுத்தார். அவருக்குக் கேட்கிற மாதிரியே.

அக்கா நோட்டைப் புரட்டினார். 'பிங்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்; இன்னொரு மெஷின் பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை அது. பக்கத்து ரூம் மெஷினின் நம்பரைப் போட்டுத் தட்டினார். வரி வரியாக ஓட ஆரம்பித்தது.

"ஐயையோ, நிக்கவே மாட்டேங்குதே. பழசுல நாலு தடவை கேட்டுட்டு அதுவா நின்னுடுமே."

"இதுல நீங்கதான் நிறுத்தணும். கன்ட்ரோலும் சி-யும்."

நிறுத்தினார். பிறகு வெளியே இருக்கும் ஒரு நம்பரைப் போட்டுப் பார்த்தார். போய்ச் சேரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது.

இரண்டு தடவை பார்த்துவிட்டு அக்கா எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"முடியல சார். நான் போய் மேனேஜர்கிட்டயே சொல்லிடறேன், என்னால ஆகலன்னு."

"உக்காருங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்தே வந்தது. அக்கா திடுக்கிட்டு உட்கார்ந்தார்.

"வேலை செய்யறதில்ல, அதட்ட மட்டும் தெரியுது" என்றார் சிஸ்டர். "அவங்க உங்க வீட்டு ஆளா? வயசுக்காவது ஒரு மரியாதை வேணாமா?"

அவர் சிஸ்டர் பக்கமே திரும்பவில்லை. அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இப்ப என்ன தெரிஞ்சுது, சொல்லுங்க."

அக்கா மூக்கை உறிஞ்சினார். "பக்கத்து ரூமுக்குப் போகுது. வெளியிலதான் போக மாட்டேங்குது."

"ஏன்?"

"ஏன்னா..." அக்கா திரையைப் பார்த்தபடி இருந்தார். "வீட்டுக்குள்ள சுத்துது. வாசல் தெரியல."

மெக்கானிக் கட்டியிருந்த கையை முதல் தடவையாகப் பிரித்தார்.

"வாசல்... கேட்வே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அக்கா அமைப்புகளைத் திறந்தார். பல்சக்கரப் படத்தை அமுக்கினார். கேட்வே என்ற கட்டத்தில் இருந்த நம்பரைச் சீட்டோடு வைத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு விடுவிடுவென்று பக்கத்து ரூமுக்குப் போய், அங்கே இருந்த மெஷினில் அதே கட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், கடைசி நம்பர் ஏழு இல்ல, ஒண்ணு. சீட்டு எழுதினவரு ஒண்ணுக்குக் கொம்பு வெச்சுட்டாரு."

மாற்றினார். நெட்வொர்க்கை ஒரு தடவை அணைத்துப் போட்டார். மறுபடி பிங் தட்டினார். இந்தத் தடவை பதில் வந்துகொண்டே இருந்தது. அக்கா அதை நிறுத்த மனசில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணியில் இருபத்திரண்டு ரிப்போர்ட்டும் கிளம்பிவிட்டது.

மெக்கானிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து இரண்டு வரி எழுதினார். சிஸ்டரிடம் நீட்டினார்.

"மேனேஜர் வெளிய போயிருக்காராம். வந்தா குடுத்துடுங்க."

"ஒண்ணும் செய்யாததுக்கு ரிப்போர்ட் வேறயா?"

அவர் லேசாகத் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

என்ன புளுகி வைத்திருக்கிறார் என்று பார்க்கத்தான் சிஸ்டர் தாளைப் பிரித்தார். மேலே மேனேஜர் டைப் அடித்து மெக்கானிக்கிடம் கொடுத்திருந்த கேள்வி:

'ரிப்போர்ட் டைப் செய்பவர் புதிய சிஸ்டத்தைத் தனியாகச் சமாளிப்பாரா? இல்லையென்றால் அடுத்த மாதம் வேறு ஆள் எடுக்க வேண்டும். நேரில் பார்த்து எழுதவும்.'

கீழே பேனாவில் பதில்:

'பார்த்தேன். கோளாறைக் கண்டுபிடித்ததும் சரிசெய்ததும் அவரே. நான் கீபோர்டைத் தொடக்கூட இல்லை.'