கடைவாய்ப் பல்லும் கோவிந்தராஜின் மறதியும்

“இவரு தலை நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர் சாப். பல்லு போச்சு, பின்னாடியே ஞாபகமும் போச்சு.”

மரகதம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைக் கண்ணால் காட்டினாள். கோவிந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அந்தமானின் வடகோடியில் திக்லிபூர்ப் பக்கம் காட்டிலாகாவில் மரம் வெட்டும் ஆட்களை மேய்த்து ஓய்வுபெற்றவர். உதட்டையே காணாமல் அடித்துவிட்ட வெள்ளை மீசை. கப்பலில் வந்த களைப்பு இருவர் முகத்திலும் இருந்தது.

டாக்டர் சண்முகம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மெயின்லேண்டிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த பல் வைத்தியர் அவர். வந்த நாளிலிருந்து தன் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் விஷயத்தை இந்த அம்மாள் உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் போட்டு உடைத்துவிட்டாளே என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

ஊரைச் சுற்றிச் சிப்பிகாட்டிலும் புரோத்ராபூரிலும் பல் வைத்திய முகாம் போட்டபோது அவர் கவனித்திருந்தார். கடைவாய்ப் பல் போய்க் கஞ்சியில் காலம் தள்ளுகிறவர்களில் பலர் கேட்டதையே திரும்பக் கேட்டார்கள். அதே வயதில் கொட்டைப்பாக்கைக் கடித்து நொறுக்குகிறவர்களோ, யார் பெண்ணை யார் கட்டினார் என்பதுவரை ஒப்பித்தார்கள். மெல்லும்போது தலைக்கும் கொஞ்சம் ரத்தம் கூடுதலாக ஓடுமோ? தாடை சும்மா கிடந்தால் மூளையும் சும்மா கிடந்துவிடுமோ? நண்பர்களிடம் சொன்னதற்கு, பல்லோடு நிறுத்திக்கொள் என்று கேலி செய்தார்கள். பல் செட் கட்டி ஞாபகம் திரும்புகிறதா என்று பார்க்க ஓர் ஆள் அகப்படமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல இருந்தது.

ஆனாலும் அவசரப்படவில்லை. வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் ஆளைப் பேசவிட்டுக் கேட்பது அவர் வழக்கம். என்னென்ன மறக்கிறார் என்று விசாரித்தார்.

மரகதம் கொட்டித் தீர்த்தாள். பத்தாயத்துச் சாவியை எங்கேயோ வைத்துவிடுகிறாராம். அடுப்பில் உலையை வைத்துவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டாராம். பக்கத்து வீட்டுப் பெங்காலிக்காரர்கள் ஓடி வந்து தண்ணீர் ஊற்றியிருக்காவிட்டால் கூரையே போயிருக்குமாம். சோற்றை மென்று தின்று எத்தனையோ நாளாகிறது, இவருக்காகத்தான் எல்லாவற்றையும் குழையக் குழைய வடிக்கிறேன் என்று சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது.

“அடுத்த கப்பல்ல மெட்ராஸ்லேருந்து பையன் வர்றான் சாப். இந்த நெலமையப் பார்த்தா கையோட கூட்டிட்டுப் போயிடுவான். பாக்குத் தோப்பை விட்டுட்டு ரெண்டு பேருமா போக முடியாது. இத்தனை வருஷத்துல நாங்க பிரிஞ்சு இருந்ததே இல்ல. அதுக்குள்ள இவருக்கு ஒரு பல் செட்டு கட்டிக் குடுத்துடுங்க.”

டாக்டருக்கும் மனசு என்னவோ செய்தது. கோவிந்தராஜிடம் மெதுவாகச் சில கேள்விகள் கேட்டார். கல்யாணம் எந்த மாதம் நடந்தது?

“தை மாசம்,” என்றார் மீசைக்குள்ளிருந்து.

ஆவணி என்று மரகதம் உடனே திருத்தினாள்.

பேத்தி பெயர் என்ன என்றார் டாக்டர். சுசீலா என்று பதில் வந்தது. செல்லம் என்றாள் மரகதம், டாக்டரைப் பரிதாபமாகப் பார்த்து. நேற்றுக் கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, இட்லி என்றார் கிழவர். கப்பல்ல ஏது இட்லி, கஞ்சிதானே குடிச்சீங்க என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள் அவள். கோவிந்தராஜ் மறுக்கவில்லை. ஆமாம், கஞ்சிதான் என்று தலையாட்டினார்.

மூன்றும் தப்பு. இவ்வளவு முற்றிவிட்டதே என்று டாக்டருக்கு வருத்தம்தான். ஆனால், இத்தனை மறந்தவர் நன்றாக மென்று சாப்பிட ஆரம்பித்தால் பேத்தி பெயரையாவது சரியாகச் சொல்வாரா என்ற ஆவலையும் அவரால் அடக்க முடியவில்லை. நிச்சயமாகச் சொல்ல முடியாது, முயன்று பார்க்கலாம் என்று மரகதத்திடம் சொன்னார். அளவு எடுக்க வேண்டும், கொஞ்ச நேரம் வெளியே பெஞ்சில் உட்காருங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

மரகதம் எழுந்து, கணவரின் சட்டைக் காலரை நேராக இழுத்துவிட்டாள். “பயப்படாதீங்க. நான் இங்கேயேதான் இருப்பேன்,” என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தும்வரை கோவிந்தராஜ் அசையவில்லை. பிறகு விரலால் மீசையை ஒதுக்கிவிட்டு, டாக்டர் கேட்காமலே வாயை அகலத் திறந்தார்.

மேலும் கீழும், கடைவாய்வரைக்கும், ஒரு பல்கூடக் குறையவில்லை.

“நான் சொன்னது மூணும் சரிதான் சாப்,” என்றார். “பல்லு விழுந்தது அவளுக்கு. மறதியும் அவளுக்குத்தான். உனக்கு வைத்தியம்னு சொன்னா வாசப்படி தாண்டமாட்டா, அதான் எனக்குன்னு சொல்லிக் கப்பல் ஏத்தினேன்.” கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்குக் கட்டுற செட்டை முதல்ல பொண்டாட்டி வாயிலதான் அளவு பார்க்கணும்னு சொல்லிடுங்க. எனக்காகன்னா, அவ எதுக்கும் மாட்டேன்னு சொல்லமாட்டா.”